சாயும், ஒட்டும், தொங்கும் கோட்ஸில்லா: ராட்சத மிருக ஃபிகர்களை அறிகுறி பார்த்து எடைபோடும், சரிசெய்யும் வழிமுறை

ஜப்பானியப் படங்களின் ராட்சத மிருகங்களான கோட்ஸில்லா, மூன்று தலை கிங் கிடோரா ஆகியவற்றின் ஃபிகர்களில் (சேகரிப்புப் பொம்மைகளில்) பெங்களூரில் கைக்கு வரும் பல ஏற்கெனவே யாரோ ஒருவரின் ஷெல்ஃபில் சில வருடம் நின்றவை. வாங்குவதற்கு முன் பார்க்கும்போதும் சரி, வாங்கி வைத்தபின் கோளாறு தெரியும்போதும் சரி, முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: கோளாறு பிளாஸ்டிக்கிலா, மூட்டிலா, பெயின்டிலா, இல்லை பொம்மையே போலியா? பிளாஸ்டிக் வளைந்திருந்தால் வெந்நீர் போதும். மூட்டு தேய்ந்திருந்தால் வெந்நீரால் பயனில்லை. போலியாக இருந்தால் எந்த வைத்தியமும் அதற்கு மதிப்பைத் தராது. இதைப் பிரித்துப் பார்க்காமல் நேராக ஃபெவிக்விக்கை எடுப்பதால்தான் நல்ல ஃபிகர்கள் வீணாகின்றன.

பொருளைத் தெரிந்துகொள்வது பாதி வேலை. பண்டாய் நிறுவனத்தின் எஸ்.ஹெச். மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசை, ஹியா, நெகா கம்பெனிகளின் பொம்மைகள் போன்ற மூட்டுகள் நிறைந்த ஃபிகர்களில் தோல், வால், முதுகுத் தகடுகள் பெரும்பாலும் பிவிசி என்ற சற்று நெகிழும் பிளாஸ்டிக்; உள்ளே இருக்கும் மூட்டுத் துண்டுகள் ஏபிஎஸ் போன்ற கடினமான பிளாஸ்டிக். பண்டாய் மூவி மான்ஸ்டர் சீரிஸ், எக்ஸ்-ப்ளஸ் பொம்மைகள் சாஃப்ட் வினைல்: உள்ளே வெறும் கூடு; கழுத்து, தோள், இடுப்பு, வால் என்று சில இடங்களில் மட்டும் சுழலும். நகத்தால் தட்டினால் ஏபிஎஸ் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும், பிவிசி மந்தமாக ஒலிக்கும், சாஃப்ட் வினைல் அழுத்தினால் உள்வாங்கித் திரும்பும்.

மேஜையில் இருக்க வேண்டியவை: 30 செ.மீ. ஸ்கேல், ஒரு கிராம் வரை காட்டும் கிச்சன் தராசு, சமையல் தெர்மாமீட்டர், டார்ச், ரூபாய் நோட்டு பார்க்கும் சிறிய யுவி லைட், காட்டன் பட்ஸ், மென்மையான டூத் பிரஷ், பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப், சிலிகான் கிரீஸ். கிரீஸ், சின்னக் கை டிரில், மல்டிமீட்டர் எல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடலாம். டெஃப்லான் டேப்பை எந்த ஹார்டுவேர் கடையிலும் கேட்கலாம்.

விளம்பரத்தில் 12 இன்ச், கையில் 6, 7 இன்ச்

பெரும்பாலும் இது ஏமாற்று வேலை இல்லை. நெகா போன்ற கம்பெனிகள் கோட்ஸில்லாவின் நீளத்தைத் தலையிலிருந்து வால் நுனி வரை அளந்து சொல்கின்றன. 12 இன்ச் என்று எழுதியிருந்தால் நிற்கும் உயரம் ஏறக்குறைய அதில் பாதி. மான்ஸ்டர்ஆர்ட்ஸ் கோட்ஸில்லாக்கள் பொதுவாக 15, 16 செ.மீ. உயரம். விற்பவரிடம் ‘எத்தனை இன்ச்’ என்று மட்டும் கேட்டால் குழப்பம்தான் வரும். ‘தரையிலிருந்து தலை உச்சி வரை எத்தனை சென்டிமீட்டர்’ என்று கேட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டு ஃபிகர்களைச் சேர்த்து வைத்தால் அளவு பொருந்தவில்லை என்பதும் பழுது இல்லை. படத்தில் 1954-ன் கோட்ஸில்லா 50 மீட்டர், 1984-ல் 80 மீட்டர், 1991-ல் 100 மீட்டர், 2016-ல் 118.5 மீட்டர். ஷெல்ஃபில் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும்படிதான் கம்பெனிகள் செய்கின்றன.

விலை மிகக் குறைவு, வாசனை காரமாக இருக்கிறது, பெயின்ட் பளபளக்கிறது

போலியா என்று பார்க்க வேண்டிய இடம் இது. ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஐந்தாறு சேர்ந்து வந்தால்தான் முடிவு.

முதலில் முத்திரை. உள்ளங்கால், தொடையின் உட்புறம், வாலின் அடிப்பக்கம் ஆகியவற்றை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோட்ஸில்லா படங்களை எடுக்கும் ஜப்பானிய நிறுவனமான டோஹோவின் உரிமம் பெற்ற அசல் பொம்மையில் பதிப்புரிமைக் குறியும் (©) டோஹோ பெயரும் தயாரான நாடும் தெளிவாகப் பதிந்திருக்கும். அமெரிக்காவின் மான்ஸ்டர்வெர்ஸ் படவரிசைப் பொம்மை என்றால் லெஜண்டரி அல்லது வார்னர் பெயரும் சேர்ந்து வரலாம். போலியில் அந்த இடம் மழுங்கியிருக்கும், சுரண்டி வழவழப்பாக்கியிருக்கும், அல்லது எழுத்தே இருக்காது. சீனாவில் தயாரானது என்ற வரி மட்டும் போலிக்கு அடையாளம் இல்லை. அசல்களில் பலவும் அங்கேதான் தயாராகின்றன.

அடுத்து அளவு. அசல் பொம்மையை வைத்து அச்சு எடுத்து வார்த்தால், ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்குவதால் நகல் ஓரிரு சதவீதம் சிறியதாக வரும். மொத்த உயரத்தை அளந்தால் நிற்கும் கோணத்தால் பிழை வரும். அசையாத ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பாதத்தின் நீளம், மிகப் பெரிய முதுகுத் தகட்டின் உயரம். அதே ஃபிகரை வைத்திருக்கும் நண்பரிடம் அந்த அளவைக் கேட்டு ஒப்பிடுங்கள். எடையையும் தராசில் பாருங்கள். மூட்டுள்ள ஃபிகர் அசலைவிட வெகு இலேசாக இருந்தால் உள்ளே கூடாக வார்த்திருக்கிறார்கள்.

பெயின்டில் முதுகுத் தகடுகளைப் பாருங்கள். அசலில் அடியில் கருமை, நுனிக்குப் போகப் போக எலும்பு வெள்ளை என்று நிறம் படிப்படியாக மாறும். நகலில் ஒரே அடியாக வெள்ளை தொட்டு விட்டிருப்பார்கள். பற்கள் ஈறுக்குள் வழிந்திருக்கும். கண்மணி இரண்டும் வேறு வேறு திசையில் பார்க்கும். ஆனால் அசலிலும் ஓரளவு வழிசல் உண்டு, ஒரு பல் சரியில்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம்.

பாக்ஸில் பார்கோடு. ஜப்பான் கம்பெனிப் பாக்ஸில் 13 இலக்கம், தொடக்கம் 45 அல்லது 49. அது வேறாக இருந்தால் கேள்வி எழுப்புங்கள். சரியாக இருந்தால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. பாக்ஸை ஸ்கேன் செய்து அச்சடிப்பவர் பார்கோடையும் சேர்த்தே அச்சடிப்பார். சின்ன எழுத்துகளை ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அசலில் ஜப்பானிய எழுத்தின் கோடுகள் பிரிந்து நிற்கும், ஸ்கேன் செய்ததில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்ட அந்தச் சான்று 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கானது. சேகரிப்பாளர்களுக்கான பொம்மையின் பாக்ஸில் பெரும்பாலும் 15 வயதுக்கு மேல் என்பது போல இருக்கும்.

விலையும் பேசும். பொம்மைகளின் அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏறியது. அப்படியிருக்க, சீல் பிரிக்காத புது ஃபிகரை ஜப்பான் விலைக்கும் கீழே ஒருவர் தருகிறார் என்றால் அந்தக் கணக்கு எங்கோ இடிக்கிறது. பயன்படுத்தியது, பாக்ஸ் இல்லாதது என்றால் அந்த விலை நியாயமாகவே இருக்கலாம். மறுபதிப்பு வந்ததும் பழைய பதிப்பின் விலை இறங்குவதும் வழக்கம்தான்.

சொன்ன வருடமும் உருவமும் ஒத்துப்போகவில்லை

போலி இல்லை, அசல்தான்; ஆனால் வேறு பதிப்பு. தெரியாமல் தவறான பெயரில் விற்பது அடிக்கடி நடக்கிறது. கோட்ஸில்லாவின் கால் விரலை எண்ணுங்கள். 1954 படத்தில் நடிகர் அணிந்த கோட்ஸில்லா உடையில் நான்கு விரல், சின்னக் காது. 1962 உடையில் மூன்று விரல், காது இல்லை. 1984-ல் நான்காவது விரலும் காதும் திரும்பி வந்தன. கிங் கிடோராவுக்குத் தலை: 1964-ன் உருவத்தில் பிடரி மயிர், 1991-ல் அதற்குப் பதிலாகக் கொம்புகள். இந்த இரண்டு அடையாளங்களே பல பேரங்களை நேர்ப்படுத்திவிடும்.

நிற்கவில்லை, முன்னால் சாய்கிறது

இதற்குக் காரணம் இரண்டு, வைத்தியமும் இரண்டு. ஃபிகரைக் கண்ணாடி மேல் நிறுத்தி உள்ளங்காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை நான்கு பக்கமும் நுழைத்துப் பாருங்கள். வைத்தவுடனேயே ஒரு குதிகால் தூக்கி நின்றால், அல்லது கணுக்கால் மூட்டு நேராக இருந்தும் முழங்காலுக்குக் கீழே வளைவு தெரிந்தால், பிவிசி வளைந்துவிட்டது. வைத்தவுடன் நன்றாக நின்று, ஒரு மணி நேரம் கழித்துக் கவிழ்ந்தால் மூட்டு தளர்ந்திருக்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

வளைவதற்குக் காரணம் எடையும் சூடும் சேர்வதுதான். ‘பெங்களூரில் என்ன வெயில்’ என்று நினைப்பவர்கள் உண்டு. மார்ச், ஏப்ரலில் மேற்கு ஜன்னல் ஓரம் மாலை வெயில் படும் ஷெல்ஃபும், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டும் பிவிசியை இளக்கப் போதுமானவை. கனமான உடலை இரண்டு மெல்லிய கணுக்கால் தாங்கும் வடிவம் முதலில் சாயும்.

நிமிர்த்த வெந்நீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது, பெயின்ட் இளகும். சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இரண்டு டம்ளர் கொதிநீரும் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரும் கலந்தால் 70 டிகிரிக்கு அருகில் வரும். மூட்டுள்ள பிவிசிக்கு அது சரியான சூடு. சாஃப்ட் வினைலுக்கு ஒன்றுக்கு ஒன்று கலந்து 60 டிகிரி போதும். தெர்மாமீட்டரில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வளைந்த பாகத்தை மட்டும் மூழ்கவிடுங்கள். மெல்லிய கணுக்கால் என்றால் ஒரு நிமிடம், தடித்த தொடை என்றால் மூன்று நிமிடம். எடுத்து, வேண்டிய கோணத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எதிர்ப்பக்கம் வளையுங்கள். விட்டால் சற்று திரும்பும். அப்படியே பிடித்தபடி ஐஸ் போட்ட தண்ணீரில் இரண்டு நிமிடம் வையுங்கள். பிறகு ஒருநாள் முழுவதும் படுக்க வைத்துவிட்டுத்தான் நிற்க வைக்க வேண்டும். ஒரே தடவையில் வரவில்லையென்றால் சூட்டைக் கூட்டாமல் அதே சூட்டில் இன்னொரு தடவை செய்யுங்கள்.

மூட்டுக்குள் புகுந்த தண்ணீரை உதறி, ஃபேன் கீழே நன்றாகக் காயவிடுங்கள். சில பொம்மைகளின் வால் நுனிக்குள் வளைக்கும் கம்பி இருக்கும். ஈரம் தங்கினால் துருப்பிடித்து வெடிக்கும். அப்படிப்பட்ட வாலுக்கும், உள்ளே ஸ்பீக்கரோ பேட்டரியோ உள்ள பொம்மைக்கும் தண்ணீர் வேண்டாம். ஹேர் டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே அரை நிமிடம் காட்டினால் போதும்.

கையில் வாங்கும்போதே சாய்வு தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. எல்லாப் பழுதுகளிலும் நன்றாகச் சரியாவது இதுதான்.

வால் தொங்குகிறது, கை விழுகிறது, சிறகு இறங்குகிறது

மூட்டு தளர்ச்சி. வாங்கும் இடத்திலேயே இதைச் சோதிக்க ஒரு மேஜை கிடைத்தால் நல்லது. மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டே கைமாற்றுவதைவிடப் பக்கத்தில் ஒரு தர்ஷினியில் (பெங்களூரின் சிறு டிபன் கடை) காபி வாங்கிக்கொண்டு, ‘அண்ணா, வாலை ஒருதரம் நீட்டிப் பார்க்கலாமா’ என்று கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். உடலைப் பிடித்து, வாலைத் தரைக்கு இணையாக நீட்டி, எந்தக் கண்ணி முதலில் இறங்குகிறது என்று கவனியுங்கள்.

மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வாலில் கண்ணிகள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் இறுக்க வேண்டியதில்லை. முழு வாலின் எடையையும் இடுப்புக்கு அருகிலிருக்கும் முதல் மூன்று நான்கு கண்ணிகளே தாங்குகின்றன. அவற்றை மட்டும் சரிசெய்தால் பின்னால் உள்ளவை எடை குறைந்து தானாக நிற்கும். எல்லாவற்றையும் இறுக்கினால் நுனியைத் திருப்பப் போய் நடுவில் முறியும்.

இந்த மூட்டுகளில் பலவும் குழிக்குள் உட்காரும் பந்து. பிரிக்கும்போது குழியை மட்டும் ஹேர் டிரையரில் இளக்கி, பந்தை நேராக, இலேசாக ஆட்டியபடி இழுங்கள். பக்கவாட்டில் நெம்பாதீர்கள். வெளியே ஊசியின் தலை தெரிந்தால் அந்த மூட்டு பிரியாத வகை, இழுத்தால் உடையும். பந்து வெளியே வந்ததும் டார்ச் அடித்துக் குழியின் விளிம்பைப் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தால் அது விரிசல். அப்போது பந்தைத் தடிப்பாக்குவது விரிசலைத்தான் பெரிதாக்கும். அந்த ஃபிகரை ஒரே நிலையில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விரிசல் இல்லையென்றால் பந்தின் மேல் ஒரு மெல்லிய படலம் ஏற்ற வேண்டும். தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ் இதற்குச் சிறந்தது, ஓவியச் சாமான் கடைகளில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பந்து முழுவதும் ஒரே மாதிரி ஒரு பூச்சு. பந்தையும் குழியையும் தனித்தனியாக வைத்து 24 மணி நேரம் காயவிடுங்கள், மழைக்காலத்தில் 48. பிறகு பொருத்திப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு பூச்சு. ஃபெவிகாலின் நன்மை, அதிகமாகிவிட்டால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து உரித்துவிடலாம் என்பது. தண்டு மாதிரி உள்ள மூட்டுக்குப் பூச்சு வேண்டாம், டெஃப்லான் டேப் ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரை, இழுத்துச் சுற்றினால் போதும்.

ஃபெவிக்விக் தடவி ஆட்டிக்கொண்டே இருக்கும் முறை பலர் சொல்வது. சில வினாடி பிசகினால் மூட்டு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், அதன் புகை பக்கத்துப் பெயின்டை வெளிறச் செய்யும். கழுத்துக்கும் தாடைக்கும் ஒருபோதும் வேண்டாம். நெயில் பாலிஷும் வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் ஏபிஎஸ்ஸைத் தின்னும்.

கிடோராவின் சிறகு தனி விஷயம். அந்தப் பெரிய பரப்பை ஒரு சின்னத் தோள் மூட்டு தாங்குவது எந்தத் தயாரிப்பிலும் கடினம். சிறகுகளைச் சற்று பின்னோக்கித் திருப்பி, அடியில் தெளிவான அக்ரிலிக் குச்சி கொடுத்துவிடுங்கள். மூட்டை இறுக்கி இறுக்கிப் பார்ப்பதைவிட அதுவே பாதுகாப்பு.

மூட்டு அசையவே இல்லை

புதிய பொம்மையில் பெயின்ட் மூட்டை ஒட்டியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டு முறுக்கி அறுந்துவிடும், வெளியே மூட்டு திரும்பியது போலவே தெரியும். திருப்பும்போது இரண்டு பாகங்களின் சந்திப்புக் கோட்டில் கண் வையுங்கள். கோடு நகராமல் தோல் மட்டும் முறுக்கினாலோ, பிளாஸ்டிக் வெளுத்தாலோ உடனே விட்டுவிடுங்கள். 60 டிகிரி தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, ஒரு டிகிரி இரண்டு டிகிரி என்று முன்னும் பின்னுமாக அசையுங்கள். விடுபட்டபின் சிலிகான் கிரீஸை ஊசி முனை அளவு வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய், வாசலின், துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே இவை எதுவும் வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் ஏபிஎஸ் துண்டு எண்ணெய் பட்டால் நாளடைவில் வெடிக்கும்.

தொட்டால் பிசுபிசுக்கிறது

பிவிசியை மென்மையாக வைக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் மேலே கசிந்து வருகிறது. பாக்ஸுக்குள்ளேயே வருடக் கணக்கில் சூட்டில் அடைபட்டவற்றில் இது அதிகம். அதனால் ‘சீல் பிரிக்காத பழையது’ என்பதற்காக மட்டும் அதிக விலை தர வேண்டாம். உள்ளே எப்படி இருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். பாக்ஸுக்குள் பொம்மையைத் தாங்கும் ப்ளிஸ்டர் ட்ரேயின் உட்புறம் எண்ணெய்த் திட்டு மாதிரித் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் நான்கைந்து சொட்டு. பத்து நிமிடம் ஊறவைத்து, டூத் பிரஷால் செதில்களின் போக்கிலேயே தேய்த்து, நன்றாக அலசி நிழலில் காற்றாட விடுங்கள். சில மாதம் கழித்துத் திரும்ப வரும், மறுபடி கழுவலாம். பவுடர் பூசி மறைப்பதில் பயனில்லை; செதில் இடுக்கில் போய்க் கெட்டியாகிவிடும். விற்பவர் பவுடர் பூசியிருக்கிறாரா என்று இடுப்பு மடிப்பில் பாருங்கள். ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று: கசிந்த பிளாஸ்டிசைசர் பக்கத்துப் பொருளையும் கெடுக்கும். தெர்மாக்கோல், சில வகைத் தெளிவான பிளாஸ்டிக் ஸ்டாண்ட், பெயின்ட் அடித்த ஷெல்ஃப் மேல் நேராக நிறுத்தினால் உள்ளங்கால் தடம் பதிந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி மேல் நிறுத்துங்கள். இரண்டு வினைல் பொம்மைகளை ஒன்றோடொன்று உரச வைக்காதீர்கள், நிறம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும்.

கறுப்புத் தோலில் வெள்ளைப் படிவு

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். கழுவியபின் வந்தது என்றால் போர்வெல் அல்லது டேங்கர் தண்ணீரின் உப்பு. கடைசி அலசலுக்கு பேட்டரி வாட்டரோ ஆர்ஓ தண்ணீரோ பயன்படுத்தினால் வராது. வந்துவிட்டதென்றால் ஒரு பங்கு வினிகர், பத்துப் பங்கு தண்ணீர், காட்டன் பட்ஸால் தொட்டு உடனே அலசுங்கள். மழைக்காலத்தில் பஞ்சு போலப் படர்ந்து பூஞ்சை வாடை அடித்தால் சோப்புத் தண்ணீர், பிறகு காற்றோட்டமான இடம், ஷெல்ஃபில் சிலிகா ஜெல் பாக்கெட்டுகள். மூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கோடாக வெள்ளை இருந்து, துடைத்தால் போகவில்லை என்றால் பிளாஸ்டிக் களைத்திருக்கிறது. அந்த இடத்தை இனி வளைக்காதீர்கள்.

பெயின்ட் உரிந்திருக்கிறது

நகநுனி, தகட்டு நுனியில் சிறு உரிவு இயல்பு. விற்பதாக இருந்தால் தொட்டுவைக்காதீர்கள். தேர்ந்த சேகரிப்பாளர் யுவி லைட் அடிப்பார், புதிய பெயின்ட் பெரும்பாலும் வேறு நிறமாகப் பளிச்சிடும். நீங்கள் வாங்கும்போதும் அப்படிச் செய்து பாருங்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக், நீர்க்க இரண்டு பூச்சு, மேலே மேட் வார்னிஷ். பிவிசி மேல் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் சில வகைகள் காலத்துக்கும் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

மூட்டுத் தண்டு முறிந்துவிட்டது

முறிந்த முகத்தை முதலில் நகத்தால் தேய்த்துப் பாருங்கள். மெழுகு தடவியது போல வழுக்கினால் அது அசிட்டால் வகைப் பிளாஸ்டிக்; எந்தப் பசையும் நிலையாகப் பிடிக்காது, கம்பி ஒன்றே வழி. ஏபிஎஸ், பிவிசி என்றாலும் வெறும் பசை மட்டும் போட்டால் அடுத்த திருப்பலில் அதே இடத்தில் போய்விடும்.

இரு துண்டுகளின் நடுவிலும் கை டிரில்லால் 1 மி.மீ. துளை, ஒவ்வொன்றிலும் 4, 5 மி.மீ. ஆழம். நடுவைக் கண்டுபிடிக்க ஒரு பக்கம் சின்னப் பெயின்ட் புள்ளி வைத்து மற்றதோடு அழுத்தினால் தடம் விழும். அதே தடிமன் பித்தளைக் கம்பியை வெட்டி, பக்கவாட்டை உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, அரால்டைட் கலந்து செருகுங்கள். வழிந்ததை உடனே துடைத்து, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். டிரில்லை மோட்டாரில் ஓட்ட வேண்டாம், உராய்வுச் சூட்டில் பிவிசி உருகி முனையைப் பிடித்துக்கொள்ளும்.

கம்பி போட்ட ஃபிகரை விற்கும்போது அதைச் சொல்லியே விற்க வேண்டும். வாங்குபவராக இருந்தால், மூட்டைச் சுற்றிப் பளபளப்பான வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். அது பசை வழிந்த தடம்.

தெளிவான அணுக்கதிர், நீலத் தகடுகள் மஞ்சளாகிவிட்டன

இது திரும்பாது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைக்கும் முறை வெள்ளை ஏபிஎஸ்ஸுக்கானது, தெளிவான பிவிசியில் செய்தால் மங்கிவிடும். ஜன்னல் வெயிலிலிருந்து விலக்கி வைப்பது மட்டுமே கைவசம் உள்ளது. வாயில் செருகும் அணுக்கதிர் பாகத்தின் முனையில் விரிசல் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். பலமுறை செருகி எடுத்தால் முதலில் போவது அதுதான், தனியாகக் கிடைப்பதும் அரிது.

கர்ஜனை வரவில்லை, முதுகு ஒளிரவில்லை

பேட்டரிக் கதவைத் திறந்து பாருங்கள். இல்லாத ஸ்க்ரூ, தேய்ந்த ஸ்க்ரூத் தலை இரண்டும் யாரோ ஏற்கெனவே திறந்திருப்பதைச் சொல்லும். எல்ஆர்44 பட்டன் செல்கள் என்றால் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து பாருங்கள். புதியது 1.5 வோல்ட் காட்டும், 1.3-க்குக் கீழே இருப்பது ஒன்றே ஒன்றானாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், பழையதும் புதியதும் கலந்தால் பழையது சீக்கிரம் கசியும். கடையில் காட்டுவதற்கான ‘டெமோ’ நிலை ஸ்விட்ச் பொம்மையின் அடியிலோ வாலிலோ இருந்தால் அதை மாற்றிப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

தொடுமுனையில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ உப்பு படிந்திருந்தால் அல்கலைன் செல் கசிந்திருக்கிறது, அது காரத்தன்மை கொண்டது. கையுறை போட்டு, வினிகரில் நனைத்துப் பிழிந்த காட்டன் பட்ஸால் தேயுங்கள், இலேசாக நுரைக்கும். பிறகு தண்ணீரில் நனைத்த பட்ஸ், கடைசியாக உலோகத்தின் மேல் மட்டும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். பக்கத்துப் பெயின்டில் படக் கூடாது. நன்றாகக் காய்ந்தபின் ஸ்ப்ரிங்கைச் சற்று வெளியே இழுத்துவிட்டுச் செல் போடுங்கள். அப்போதும் சத்தம் இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒயர் சாலிடர் விட்டிருக்கலாம். கழுத்தோ இடுப்போ சுழலும் இடத்தில்தான் அது முதலில் அறும். ஒட்டிய உடலைப் பிளந்து பார்ப்பது அரிய பழைய பொம்மைக்குத் தகாது, சத்தம் இல்லாமலேயே வைத்துக்கொள்வது மேல். ஷெல்ஃபில் வைக்கும் பொம்மையில் செல்லை விட்டுவைக்காதீர்கள், கழற்றித் தனிக் கவரில் போட்டு பாக்ஸோடு வையுங்கள்.